பேயனார் பாடிய கிடக்கை

ஐங்குறுநூற்று முல்லைப் பகுதியின் தொடக்கத்தில் நிற்பது செவிலி கூற்றுப் பத்து. சங்கப் பாடல்களைக் கற்பிப்போர் பலரும் இப்பத்தினை 'இல்லறத்தின் இனிமை கூறுவது' என்னும் ஒரு தொடரால் முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்வர். அவர்களைக் குறை கூறுதற்கில்லை. தலைவன், தலைவி, அவ்விருவரிடையே அவர்தம் குழந்தை என மூவர் ஒரு படுக்கையில் கிடக்கின்றனர். அதனைச் செவிலி கண்டு வந்து நற்றாயிடம் சொல்கின்றாள். முதற்பாடலின் பொருள் அவ்வளவே. பாயை விரித்துக் குழந்தையை நடுவே கிடத்தி உறங்கும் வழக்கத்தைத் தன் வீட்டிலேயே கண்டு வளர்ந்த மாணவனுக்கு இதில் விளக்கிக் கூற என்ன இருக்கின்றது? ஜொகூர் மாநிலத்தின் தோட்டத்துப் பள்ளியில் படித்து வந்தவனாயினும் நகரத்துப் பள்ளியில் படித்து வந்தவனாயினும், அருஞ்சொற்பொருள் எழுதி முடித்ததும் அவனுக்குப் பாடம் முடிந்துவிடுகின்றது.

ஆனால், அவ்வருஞ்சொற்பொருள் எழுதும்போதே ஒரு சொல் கைதவறிப் போகின்றது. ஆண்மானுக்கும் பிணைமானுக்கும் இடையே குட்டி கிடப்பதுபோலப் புதல்வன் நடுவில் இருக்க, வெறுப்பேதும் இன்றி அவர்கள் கிடந்த கிடக்கை இனிது என்று சொல்லும் செவிலி, அத்துடன் நின்றாளில்லை. நீல நிற வெளி வளைத்த இவ்வுலகிலும் மேலுலகிலும் பெறுதற்கு அரியது அது என்று முடிக்கின்றாள். 'இனிது' என்பது எல்லார் செவியிலும் விழுகின்றது. 'பெறலரிது' என்பது விழுவதில்லை. உயர்வுநவிற்சி என்று கொண்டு ஒதுக்கிவிடுகின்றனர். நாள்தோறும் எல்லா வீட்டிலும் நிகழ்வதொன்றை எவரேனும் பெறலரியது என்பாரா என்னும் வினா எழுவதே இல்லை. பேயனார் அச்சொல்லை நிறுத்தே வைத்தார் என்பதற்கு அவருடைய பாடல்களுக்குள்ளேயே சான்று உண்டு. அச்சொல்லுக்கு ஜொகூர்த் தமிழரின் வாழ்வும் ஓர் உரையாக நிற்கின்றது.

1903ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட ஐங்குறுநூற்றில் முல்லை நூறும் பேயனாருடையவை. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். வினைமேற் சென்ற தலைவன் மீளும்வரை தலைவி ஆற்றியிருத்தல். பிரிந்தவன் மீண்டு, மனை நிறைந்து, மகன் பிறந்த பின்னர் உள்ள வாழ்வைப் பாடும் இப்பத்தினை முல்லையின் இறுதியில் வைப்பதே முறையெனத் தோன்றும். பேயனாரோ முதலில் வைத்தார். பின்வரும் பத்துகளில் பாசறையும் கார்காலமும் வரவும் பேசப்படும்போது, தலைவன் எதனை இழந்து அங்குள்ளான், எதற்காகத் தேரை விரைந்து செலுத்தச் சொல்கின்றான் என்பதைக் கற்பவர் முன்னரே அறிந்திருக்கின்றனர். காணப்பட்ட கிடக்கை முன்னும் அதன் இழப்பு பின்னுமாக அமைந்த இவ்வைப்புமுறை ஒன்றே, கிடக்கை எளிதில் வாய்ப்பதன்று எனக் காட்டப் போதும்.

இனி, பாடல்களின் உள்ளே நோக்குதல் வேண்டும். 401ஆம் பாடலில் புதல்வன் நடுவே, பெற்றோர் இருபுறமும். 402இல் அமைப்பு மாறுகின்றது: தாய் புதல்வனை அணைத்துக் கிடக்கின்றாள்; தலைவன் அவள் முதுகினை அணைத்துக் கிடக்கின்றான். 409இல் மீண்டும் ஒரு மாற்றம்: தந்தை புதல்வனை அணைத்துக்கொள்ள, தாய் அவ்விருவரையும் சேர்த்து அணைக்கின்றாள், அக்கிடக்கை இப்பரந்த உலகம் முழுமைக்கும் ஈடாகும் என்கின்றாள் செவிலி. ஒரே பத்தில் ஒரே படுக்கை மூன்று முறை பாடப்பெற, மூன்று முறையும் உடல்கள் வேறு வேறு முறையில் அடுக்கப்பெற்றுள்ளன. பொருள் வறுமையால் ஒன்றையே திரும்பத் திரும்பப் பாடினார் என்று எண்ணுவார்க்கு விடை இதுவே. எவர் கை எவர்மேல் கிடக்கின்றது என்பதுதான் பேயனாரின் ஆராய்ச்சி.

அவ்வாராய்ச்சியின் நான்காம் கூறு குறுந்தொகையில் உள்ளது. 359ஆம் பாடலும் பேயனார் பாடியதே. திணை மட்டும் மருதம். பரத்தையிற் பிரிந்த தலைவன் மீண்டு வந்துள்ளான். மாலை நிலவு, குறுகிய கால்களையுடைய கட்டில், அதன்மேல் மலர்ப்படுக்கை. படுத்த யானைபோல அவன் பெருமூச்செறிகின்றான். மனைவியிடம் செல்ல முகமின்றிப் புதல்வனைத் தழுவிக் கிடக்கின்றான். புதல்வனின் தாய் வந்து அவன் முதுகினை அணைத்துக்கொள்கின்றாள். தோழி இதனைப் பாணனுக்குக் காட்டுகின்றாள். மருதத் திணையில் ஊடல் தீர்க்கும் வாயிலாகப் புதல்வன் அமைவது பலரும் பாடிய பொருள். ஆயினும் ஒரு சொல்லும் பேசப்படாமல் ஊடல் தீர்வதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய பாடல் அரிது. 402இல் கணவன் மனைவியின் முதுகை அணைத்தான். ஈண்டு மனைவி கணவனின் முதுகை அணைக்கின்றாள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பித்தாலன்றி இம்மாற்றத்தின் நயம் மாணவர்க்குப் புலப்படாது. தொகைநூல்களைத் தனித்தனியே கற்பிக்கும் முறையால் நேரும் இழப்புகளுள் இதுவும் ஒன்று.

இந்நான்கு பாடல்களையும் இணைக்கும் சொல் 'கவைஇ' என்பது. அகத்திட்டு அணைத்தல் என அதற்குப் பொருள் கொள்ளலாம். தாய் புதல்வனைக் கவைஇக் கிடக்கின்றாள். தந்தை புதல்வனைக் கவைஇயுள்ளான். தாய் இருவரையும் கவைஇயுள்ளாள். மருதப் பாடலிலும் அதே வினை. புதல்வனுக்குப் பாலூட்டும் தலைவியின் பிடரியைத் தலைவன் அணைத்திருக்கும் 404ஆம் பாடலிலும் அதுவே வருகின்றது. 401இல் மட்டும் மூவர்க்கும் அவ்வினை கூறப்படவில்லை. அங்கு நீல வெளி உலகினைக் கவைஇயுள்ளது. மனிதர் கைகள் செய்யும் தொழிலை முதற்பாடலில் வானத்திற்குக் கொடுத்து, பின்னர் அதனைக் கீழே இறக்கித் தாய் தந்தையர்க்குக் கொடுக்கின்றார் புலவர்.

'முனிவின்றி' என்பதும் கருதத்தக்க சொல். முனிவு வெறுப்பு. குழந்தையோடு கிடக்கும் இரவு எத்தகையது என்பது பெற்றார் அனைவரும் அறிந்ததே. குழந்தை அழும், நனைக்கும், உதைக்கும், கணவனுக்கும் மனைவிக்கும் இடையே சுவராகவும் நிற்கும். வெறுப்பு எழுதற்கு இடமே இல்லாத ஒன்றைப் பற்றி 'வெறுப்பின்றி' என எவரும் கூறார். எழக்கூடிய முனிவு எழவில்லை என்பதே செவிலி கண்ட அருமை. நடுவில் கிடக்கும் புதல்வன் இருவரையும் பிரிக்கின்றான். அவனே இருவரையும் சேர்க்கின்றான். மானினத்தை உவமையாகக் கொண்டதும் இதுபற்றியே போலும். திறந்த காட்டில், எந்நேரமும் அஞ்சி வாழும் விலங்குகள் குட்டியை இடையில் வைத்துக் கிடத்தல் இன்பத்திற்காக மட்டும் அன்று.

சங்ககாலத் தமிழர் அனைவரும் குழந்தையை இவ்வாறே பெற்றோரிடையே கிடத்தினர் என்று கொள்வதற்கும் நூல்கள் இடந்தரவில்லை. நற்றிணை 40ஆம் பாடலில் மகன் பிறந்த மனை காட்டப்படுகின்றது. காவல் மனையில் மணி ஒலிக்கின்றது; மணங்கமழ விரித்த மென்துணி அணையின்மேல் புதல்வன் செவிலியோடு துயில்கின்றான்; ஐயவி பூசி நெய்யாடிய தாய் தனியே இமை பொருந்தியுள்ளாள்; நள்ளிரவில் தலைவன் கள்வனைப் போல வருகின்றான். மூவரும் ஒரே மனையில் இருந்தும் மூன்றிடத்தினர். பெரும்பாணாற்றுப்படையிலும், சிறுதேர் உருட்டிக் களைத்த புதல்வர் செவிலித்தாயரைத் தழுவிப் பாலருந்தி அமளியில் துயில்கின்றனர். செல்வர் மனையில் குழந்தையின் பக்கத்தில் கிடப்பவள் செவிலியே. ஆதலின், பேயனாரின் செவிலி தன் இடத்தில் பெற்றோர் இருவரையும் காண்கின்றாள் எனல் வேண்டும். தான் வளர்த்த மகள், தான் பெற்ற மகனை இன்னொரு செவிலியின் கையில் விடாமல் தானே அணைத்துக் கிடக்கின்றாள். அதனைக் கண்டு உவக்கும் முதியவளுக்கு அம்மகளோடு தான் கிடந்த இரவுகள் நினைவுக்கு வராமலா இருக்கும்? அன்னை அணைத்துத் துயிலும் துயில், காதல் கொண்ட மகளுக்கு இன்னாததாயிற்று என்று குறுந்தொகைப் பாடல் ஒன்று கூறும். அணைப்பின் மறுபக்கம் அது.

ஒன்று இடையே சொல்லத்தக்கது. இப்பத்தில் நடுவே கிடப்பவன் எப்போதும் புதல்வனே. மகள் ஒருத்தி அவ்விடத்தில் கிடந்ததாகப் பேயனார் ஒரு பாடலும் பாடவில்லை. பாட்டனின் பெயரைத் தாங்குபவனே அவர்க்குக் கிடக்கையின் மையம். இதனை மறைத்துக் கற்பிக்க வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் குழந்தை படுக்கையிலிருந்து தொட்டிலுக்கு இடம்பெயர்கின்றது. பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலிலிட்டுப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தொடங்கி, தாலப்பருவம் பிள்ளைத்தமிழ்ப் பத்துப் பருவங்களுள் மூன்றாவதாக நிலைபெற்றது. நாட்டுப்புறத் தாலாட்டும் தொட்டிலையே சுற்றி வருவது. தொட்டிலில் ஒருத்தி பாடுகின்றாள், குழந்தை கேட்கின்றது. தந்தையும் தாய்மாமனும் பாட்டுக்குள் வருவர், தொட்டிலருகே வாரார். கிடக்கையிலோ பாட்டு இல்லை. பேசுவோரும் இல்லை. கவைஇய கைகளே உள. தாலாட்டைப் பற்றி எத்தனையோ நூல்கள் தமிழில் வந்துள்ளன. பாட்டில்லாத கிடக்கையைப் பற்றி எழுத முற்பட்டோர் குறைவு. ஒலியுள்ளதைத் தொகுத்தல் எளிது போலும்.

இவ்விடத்தில் ஜொகூரின் வைகறையை நினைத்தல் பொருந்தும். குளுவாங், சிகாமட், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் கங்காணிகள் வழியாக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் குடிபெயர்வைத் தடுத்த பின்னர் இம்மண்ணிலேயே நிலைத்தன. லயத்து வீட்டின் சிறிய அறையில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாகவே கிடந்தனர். அது விரும்பிக் கொண்ட நெருக்கம் மட்டும் அன்று. இடமின்மையால் வந்த நெருக்கமும் ஆகும். அதனைப் பேயனார் பாடலோடு நேரே பொருத்தி மகிழ்தல், வறுமையைக் கவிதையால் மூடுதலாக முடியும்.

ஆயினும் வேற்றுமை அறையின் அளவில் இல்லை, பொழுதில் உள்ளது. ரப்பர் மரத்தின் பால் குளிர்ந்த பொழுதிலேயே நன்கு வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். எனவே இருள் பிரியுமுன் எழுந்து பெரட்டுக்குச் செல்லுதல் தோட்டத்தின் விதி. கணவன் மட்டும் செல்வதில்லை; மனைவியும் செல்வாள். இருவர் கூலியின்றிக் குடும்பம் நடவாது. உறங்கும் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிச் சென்று ஆயாக் கொட்டகையில் விடுவார்கள். அங்கே வரிசையாகத் தொங்கும் துணித் தொட்டில்களுள் ஒன்றில் அது தன் உறக்கத்தைத் தொடரும். விழிக்கும்போது அருகில் இருப்பவள் ஆயா. செல்வர் மனையில் செவிலியை வைத்தது செல்வம். தோட்டத்தில் ஆயாவை வைத்தது கூலி. ஆனால் சங்கச் செவிலி இரவின் கிடக்கையைக் கண்டு சொல்லும் உரிமை பெற்றவள். கொட்டகை ஆயாவோ பகலை மட்டுமே கண்டவள். அவள் கூற்றாக ஒரு பத்துப் பாடுவார் தோன்றவில்லை.

சப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்களுள் பல்லாயிரவர் மீளவில்லை. பேயனாரின் முல்லையில் சென்றவன் மீள்வான் என்பது உறுதி. அவ்வுறுதியின்மேலேயே 'ஆற்றியிருத்தல்' என்னும் ஒழுக்கம் நிற்கின்றது. சயாமுக்குச் சென்றவரின் மனைவியர் இருந்த இருப்பினை முல்லை என்பதா, நெய்தல் என்பதா, அன்றித் திணைக்குள் அடங்காதது என்பதா? மலேசியத் தமிழ்ப் புதினங்கள் அவ்வரலாற்றின் காட்டையும் நோயையும் பாடுபட்டு எழுதியுள்ளன. வீட்டில் ஒரு பக்கம் வெறுமையான பாயை எழுதுதல் இன்னும் மிகுதியாக வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போக, அம்மக்களின் பிள்ளைகள் ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், பாசீர் கூடாங் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். வைகறை அவர்களை விடவில்லை. 1924இல் திறக்கப்பெற்ற கடற்பாலத்தின் வழியே சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் இருளிலேயே மோட்டார் சைக்கிளில் புறப்படுகின்றனர். நடுவில் கிடக்கும் குழந்தை விழியாவண்ணம் மெல்லக் கையை எடுத்துக்கொண்டு எழும் தந்தை, கித்தாத் தோட்டத்துப் பாட்டனின் வேலையையே வேறு வழியில் செய்கின்றான். 2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, வேலையைக் காக்க அக்கரையிலேயே தங்கியவர் பலர். தரைவழிப் பயணம் தடுப்பூசி செலுத்தியோர்க்கெனத் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 29இல்தான். இடைப்பட்ட இருபது மாதங்களில் பிறந்த குழந்தைகளுள், தந்தையின் கையை அறியாமல் தளர்நடை பயின்றவை உண்டு. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் அது. பாசறையும் இவ்வளவு அருகில் இருந்ததில்லை.

இத்தகைய மண்ணில் கற்பிக்கும்போது 'பெறலரிது' என்பது உயர்வுநவிற்சியாகத் தோன்றாது. மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தத்தால் 2023 சனவரி முதல் தாய்க்கு மகப்பேற்று விடுப்பு 98 நாள்களாயிற்று. தந்தைக்கு ஏழு நாள். சட்டமும் கிடக்கையை நாள்கணக்கில் அளந்தே தருகின்றது.

இப்பாடல்களுக்கு நேரும் மற்றொரு தீங்கும் உண்டு. குழந்தையைப் பெற்றோர் தம் படுக்கையில் கிடத்தலாமா கூடாதா என்னும் வழக்கில் 401ஆம் பாடலைச் சான்றாக நிறுத்தி, 'நம் முன்னோர் அன்றே அறிந்தனர்' என மேடைகளில் முழங்குதல் இப்போது பெருகி வருகின்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட அறிவுரையில், முதல் ஆறு மாதங்களேனும் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப்படுக்கையில் உறங்குதல் வேண்டும் என்றது. மெத்தையின் மென்மை, புகைப்பழக்கம், மது, குறைமாதப் பிறப்பு ஆகியவை ஒரே படுக்கையில் கிடக்கும் குழந்தைக்கு இடரை மிகுவிக்கும் என்பது மருத்துவர் கூறும் காரணம். ஜேம்ஸ் மெக்கென்னா என்னும் மானிடவியலார், தாய்ப்பால் பருகும் சேய் தாயினருகே உறங்குதலின் இயல்பையும் நலத்தையும் நெடுங்காலம் ஆய்ந்து எழுதினார். இவ்வழக்கு மருத்துவர்க்கும் ஆய்வாளர்க்கும் உரியது. பேயனாரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுதல் அவருக்கும் இழுக்கு, குழந்தைக்கும் ஏதம். மது அருந்தி வந்த ஒருவன் குழந்தையின் அருகில் கிடப்பதை எந்தச் செவிலியும் 'இனிது' என்று பாடியிரான். சப்பானியரும் மூவர் கிடத்தலை ஆற்றைக் குறிக்கும் தம் எழுத்தின் வடிவாகச் சொல்வர். மூன்று கோடுகளுள் நடுக்கோடு குறியது. இரு மொழியினரும் கண்டது ஒரு காட்சியை. அதனால் இருவர் நூலும் மருத்துவ நூலாகிவிடா.

பத்தின் இறுதிப் பாடல் இரவை விட்டு மாலைக்கு வருகின்றது. முன்றிலில் குறுங்கால் கட்டில், துணையாக மனைவி, தந்தையின் மார்பின்மேல் ஊர்ந்து சிரிக்கும் புதல்வன். பாணனின் யாழிசை அப்பொழுதிற்கு ஒத்தது என்கின்றாள் செவிலி. 402இல் கிடக்கைக்கு உவமையாக வந்த பாணர் இசை, ஈண்டு உவமை என்னும் நிலை கடந்து முன்றிலிலேயே ஒலிப்பதுபோல் உள்ளது. உறக்கத்தில் தொடங்கிய பத்து, விழிப்பில் முடிகின்றது. தோட்ட வாழ்வில் இப்பாடலுக்கு இடமிருந்தது. விடியுமுன் சென்றவர்கள் பிற்பகலில் திரும்புவர். குளித்து உண்டு, மாலையில் அஞ்சடியில் சாய்ந்திருக்கும் தகப்பனின் மார்பில் பிள்ளை ஏறி விளையாடும். வைகறை பறித்ததை மாலை ஓரளவு திருப்பித் தந்தது. கடற்பாலத்து நெரிசலைக் கடந்து இரவில் திரும்புகின்றவன் கதவைத் திறக்கும்போது புதல்வன் உறங்கிவிட்டிருக்கின்றான். ஓசையின்றி அவனருகில் ஒதுங்கிப் படுப்பதற்குச் சிறிது இடம் உண்டு. முதற்பாடல் அவனுக்கு எஞ்சியுள்ளது. பத்தாம் பாடலுக்கு ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும்.